உப்புத் தண்ணீரில் போட்ட ஐஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடலால் பனிப்பாளங்கள் உருகுவதை ஆராயும் பணிக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். பனி உருகுவது வெயிலால்தானே? இதில் கடலுக்கு என்ன வேலை? (எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: கிரீன்லாந்தின் ஓரங்களில் கோடை வெயிலுக்கும் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. அண்டார்டிகாவில் அப்படியில்லை. அங்கே காற்று பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேதான் இருக்கிறது. பனிப்பாளத்தின் விளிம்பு கடலில் நீண்டு ஒரு தட்டாக மிதக்கிறது. உருகுவது அந்தத் தட்டின் அடிப்பக்கம்.

தென்துருவக் கடலில் மேல்நீர் குளிர்ந்து கிடக்கும். சில நூறு மீட்டர் இறங்கினால் நீர் 1 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும். மேலே ஏற்காடு குளிர, கீழே சேலம் காய்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காரணம் வேறு: அந்த ஆழ்நீரில் உப்பு அதிகம், அதனால் கனம் அதிகம். கடல்நீர் மேற்பரப்பில் சுமார் -1.9 டிகிரியில் உறையும். 1,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் காரணமாக உறைநிலை -2.6க்கு இறங்கிவிடும். அங்கே +1 டிகிரி நீர் வந்து பனியைத் தொட்டால், அது உறைநிலையைவிட மூன்றரை டிகிரிக்கு மேல் சூடு. நமக்கு விரல் விறைக்கும் தண்ணீர், பனிக்கு வெந்நீர்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ கடல்நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் கிடைப்பது சுமார் 4 கிலோஜூல். ஆகவே, நீர் ஒரு டிகிரி குளிர்வதாக வைத்தால், கிலோ பனிக்கு 80 கிலோவுக்கு மேல் நீர் வந்து தன் சூட்டைக் கொடுத்துவிட்டு நகர வேண்டும். நீர் எவ்வளவு சூடு என்பதோடு, எவ்வளவு நீர் வந்து சேர்கிறது, கடைசிச் சில மீட்டரில் அந்தச் சூடு பனியைத் தொடுகிறதா என்பதும் தெரிய வேண்டும். நீங்கள் பார்த்த வேலையின் சாரம் இதுதான். வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் படித்தவருக்குப் பாதி தூரம் ஏற்கெனவே கடந்தாயிற்று.

கேள்வி: இதைப் பள்ளியில் செய்து காட்ட வழி உண்டா? (அறிவியல் ஆசிரியர், ஏற்காடு)

பதில்: உண்டு, செலவும் இல்லை. ஐஸ் ட்ரேயில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு துளி சொட்டு நீலம் விட்டு உறைய வையுங்கள். மூன்று கண்ணாடி டம்ளர்களில் 200 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். (எவர்சில்வர் வேண்டாம், பார்க்க வேண்டியது உள்ளே நடக்கிறது.) இரண்டில் தலா 7 கிராம் தூளுப்பு கரையுங்கள், கடல்நீரும் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம்தான். மூன்றையும் ஒரு மணி நேரம் ஒரே மேசையில் வைத்த பிறகு ஐஸைப் போடுங்கள்.

உப்பு ஐஸை வேகமாகக் கரைக்கும் என்றுதான் பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். நடப்பது தலைகீழ். நல்ல தண்ணீரில் நீலம் நூல் நூலாகக் கீழே இறங்கும், ஐஸ் சீக்கிரம் கரையும். உப்புத் தண்ணீரில் உருகிய நீர் உப்பில்லாததால் லேசாகி மேலேயே நின்று, ஐஸைச் சுற்றிப் போர்வை போலக் கிடக்கும். ஐஸ் மெதுவாகத்தான் கரையும். மூன்றாவது டம்ளரின் உப்புநீரை விடாமல் கலக்குங்கள். போர்வை கலைந்து அந்த ஐஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் கரைந்துவிடும்.

சோதனை சொதப்பினால் பெரும்பாலும் உப்பு முழுதாகக் கரையாமல் அடியில் தங்கியிருக்கும் (கல்லுப்பு என்றால் நிச்சயம்), ஐஸ் கட்டிகள் ஒரே அளவில் இருக்காது, அல்லது ஒரு டம்ளருக்கு மட்டும் பானைத் தண்ணீர் எடுத்திருப்பீர்கள்.

மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாற்றில் விஞ்ஞானிகள் பார்த்ததும் ஏறக்குறைய இதே விஷயம். 2020 ஜனவரியில் சுமார் 600 மீட்டர் பனியை வெந்நீரால் துளைத்து, ஐஸ்ஃபின் என்ற ரோபோவை உள்ளே இறக்கினார்கள். 2023இல் வெளியான முடிவுகளின்படி, அடிப்பக்கம் சமதளமாக உள்ள இடங்களில் நீர் வெதுவெதுப்பாக இருந்தும் உருகல் ஆண்டுக்கு 2 முதல் 5 மீட்டர்தான். போர்வை அங்கே நிலைத்திருந்தது. வெடிப்புகளிலும் செங்குத்தான படிகளிலும் மட்டும் உருகல் வேகமாக இருந்தது.

கேள்வி: மிதக்கும் ஐஸ் உருகினால் டம்ளர் வழியாதே. பிறகு கடல் மட்டம் எப்படி உயரும்? (ஓமலூர் வாசகர்)

பதில்: மிதக்கும் தட்டால் ஏறக்குறைய உயராதுதான். ஆனால் அது பின்னாலிருக்கும் நிலப் பனிக்கு முட்டுக் கொடுக்கிறது. 2002இல் அண்டார்டிகாவின் லார்சன்-பி தட்டு சில வாரங்களில் நொறுங்கியதும், அதன் பின்னாலிருந்த பனியாறுகள் வேகமெடுத்தன. த்வைட்ஸ் முழுதும் போனால் உலகக் கடல் மட்டம் 60 செ.மீ.க்கு மேல் உயரும்.

கேள்வி: என் மகள் இந்தத் துறைக்குப் போக விரும்புகிறாள். அண்டார்டிகாவுக்கே போக வேண்டுமா? சம்பளம் என்ன, எப்படித் தயாராவது? (ஒரு தந்தை, ஆத்தூர்)

பதில்: பலர் ஒருமுறைகூடப் போவதில்லை. வேலையின் பெரும்பகுதி கணினியில்தான். போக நேர்ந்தால் எய்ம்ஸில் மருத்துவச் சோதனையும் உத்தராகண்டின் ஔலியில் பனிப் பயிற்சியும் உண்டு. இந்தியாவின் பாரதி நிலையம் கடலோரத்தில் இருக்கிறது. இன்னொரு நிலையமான மைத்ரி, கடலிலிருந்து உள்ளே தள்ளிப் பாறைவெளியில்.

நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம். பிறகு ஹைதராபாத் இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை மையம்), சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சி. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை இப்போது மாதம் 37,000 ரூபாய், அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. நெட் அல்லது கேட் தேர்வில் தேர்ச்சி கேட்பார்கள். ஜெர்மனி, நார்வேயில் முனைவர் பட்ட இடம் பெரும்பாலும் சம்பள வேலை. ஆகவே, இடம் வாங்கித் தர லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தயாரிப்புக்கு லினக்ஸ், பைத்தான், நெட்சிடிஎஃப் கோப்புகளை (கடல், வானிலைத் தரவைச் சேமிக்கும் வகை) கையாளும் பழக்கம் ஆகிய மூன்றும் போதும். கடலில் மூழ்கி எழுந்து தானாக அளவெடுக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவு இலவசம். தென்கடல் மிதவை ஒன்றை எடுத்து, ஆழத்துக்கேற்ப வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் வரைந்து, அந்த வெதுவெதுப்பான அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். அடுத்து எம்ஐடிஜிசிஎம் போன்ற இலவசக் கடல் மாதிரியில் (கடலைக் கணினியில் கணக்கிடும் நிரல்) ஒரு சிறு பனிக்குகையை, அதாவது மிதக்கும் தட்டுக்கு அடியிலுள்ள நீர்வெளியை, ஓட்டிப் பார்க்கலாம். முதலில் மாதிரி வெடிக்கும், அதாவது எண்கள் கட்டுக்கடங்காமல் எகிறிவிடும். மாதிரி கடலைச் சிறு கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு படிகளாகவும் பிரித்துத்தான் கணக்கிடுகிறது. ஒரு கட்டம் 1 கி.மீ., நீரோட்டம் விநாடிக்கு 1 மீட்டர் என்றால், ஒரு காலப்படியை 1,000 விநாடிக்குக் கீழே வெகுவாகக் குறைத்தே வைக்க வேண்டும். ஒரே படியில் நீர் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்தால் கணக்கு குலைந்துவிடும். அது சரியான பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. பனியை ஒட்டிய மேல் கட்டத்தின் தடிமனை மாற்றினால் உருகும் வேகமும் மாறும், ஏனென்றால் உருகிய நீர் அந்தக் கட்டம் முழுவதும் கலந்துவிட்டதாக மாதிரி எடுத்துக்கொள்கிறது. தடிமனை மூன்று விதமாக வைத்து ஓட்டி, விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்று ஒரு பக்கம் எழுதினால், அவளுடைய விண்ணப்பத்தில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்கள்.

பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் வேண்டாம். அவருடைய கட்டுரை ஒன்றில் எது புரிந்தது, எது புரியவில்லை என்று இரண்டு வரி, அந்த ஒரு பக்கம், மதிப்பெண் பட்டியல். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம்.