காந்தி நகரில் சின்ன ஃபிளாட்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். குரோம்பேட்டை வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விடலாம் என்று அடையாறு காந்தி நகரில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். 1987-இல் கட்டியது. இரண்டு கிரவுண்டில் எட்டு வீடுகள், மொத்தக் கட்டடம் 7,200 சதுர அடி. நாங்கள் பார்த்தது இரண்டாவது மாடியில் 640 சதுர அடி. லிஃப்ட் இல்லை. யூ.டி.எஸ். (மனையில் இந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு) 330 சதுர அடி. விலை 88 லட்சம். மரமும் நிழலுமாகத் தெரு அவ்வளவு அமைதி, பார்த்ததும் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, குரோம்பேட்டை)

பதில்: இப்போது கொடுக்காதீர்கள் அம்மா. வீடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் எழுதிய எண்களிலேயே கணக்கு இடிக்கிறது.

ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்ட் 4,800. அதில் 7,200 சதுர அடி கட்டடம் நிற்கிறது என்றால் 640 சதுர அடி வீட்டுக்கு விகிதப்படி வரவேண்டிய நிலம் ஏறக்குறைய 427 சதுர அடி. உங்கள் பத்திரத்தில் 330 தான் இருக்கிறது. மீதி 97 சதுர அடி யார் பெயரில் இருக்கிறது? அந்த நாளில் நிலத்துக்காரர் பில்டரிடம் மனையைக் கொடுத்துவிட்டுத் தன் தரைத்தளத்துக்கு மட்டும் கூடுதல் பங்கு வைத்துக்கொள்வது உண்டு. விற்காமல் விட்ட பங்கு வாரிசுகள் பெயரில் அப்படியே தொங்குவதும் உண்டு. எட்டுப் பத்திரங்களின் யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினால் 4,800 வரவேண்டும். வராவிட்டால், இன்னும் ஒருவர் உங்கள் மனையில் பங்காளி என்று அர்த்தம்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நாற்பது வருடக் கட்டடத்தில் சுவருக்கு என்ன விலை மிஞ்சும்? நீங்கள் கொடுக்கும் 88 லட்சம் பெரும்பாலும் மண்ணுக்குத்தான். 330 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் சதுர அடி நிலம் சுமார் 26,667 ரூபாய். 427 இருந்திருந்தால் 20,600 சொச்சம். அந்தத் தெருவில் தனி மனை என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, அதோடு வைத்துப் பாருங்கள். பேரம் பேச இதைவிட நல்ல பிடி உங்களுக்குக் கிடைக்காது.

நாளைக்கு இடித்துக் கட்டும்போதும் இதே எண்தான் பேசும். 2019 கட்டட விதிகள் சாதாரணக் குடியிருப்புகளுக்கே மனையைப் போல இரண்டு மடங்கு கட்ட இடம் கொடுத்தன. அதனால் அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் பழைய ஃபிளாட்டுகளை பில்டர்கள் தேடித்தேடி வருகிறார்கள். 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். எட்டு வீட்டில் ஆறு பேர் தலையாட்டினால் போதும். அப்போது நீங்கள் இரண்டு மூன்று வருடம் வாடகை வீட்டில் இருக்க நேரும். லிஃப்டோடு புது வீடு வரலாம், ஆனால் எழுபதை நெருங்கும் வயதில் மூட்டை கட்ட உங்களுக்குத் தெம்பு இருக்குமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அங்கே இப்போது அந்தப் பேச்சு ஓடுகிறதா என்று விற்பவரிடம் கேட்காதீர்கள், கீழ் வீட்டாரிடம் கேளுங்கள்.

அமைதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்த நிழல் பக்கத்து மனையில் நிற்கும் பழைய பங்களாவின் மாமரத்தால் வந்ததாக இருக்கலாம். அந்தப் பங்களா கைமாறி, இடித்துக் கட்டத் தொடங்கினால் தூசியிலும் சத்தத்திலும் இரண்டு வருடம் ஜன்னலைத் திறக்க முடியாது. இரண்டு பக்கமும் பின்பக்கமும் என்ன இருக்கிறது என்று நடந்து பாருங்கள். காலை எட்டரை மணிக்கு ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை போங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வாசலில் இஸ்திரி போடுகிறவரையோ வாட்ச்மேனையோ கேட்டால் கையை வைத்தே காட்டுவார்கள்.

போகும்போது ஒரு ரூபாய் நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள். பால்கனிக் கூரையின் அடிப்பக்கம், குளியலறைக் கூரை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கீழ்ப்பகுதி, இங்கெல்லாம் தட்டிப் பாருங்கள். 'டொக்'கென்று கெட்டியாகக் கேட்டால் நிம்மதி. பானையைத் தட்டியதுபோல் உள்ளே காலியாகக் கேட்டாலோ, பழுப்பாக ஒரு கோடு நேராக ஓடினாலோ, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக்கொண்டிருக்கிறது. பெசன்ட் நகரில் என் அக்கா வாங்கிய ஃபிளாட்டில் புது பெயின்ட் அந்தக் கோட்டை மறைத்திருந்தது. முதல் மழைக்காலத்திலேயே கூரைக் காரை சமையல் மேடையில் விழுந்தது. நல்லவேளை, யாரும் அங்கே நிற்கவில்லை. கடற்காற்று படும் இடங்களில் இதை ஒரு ஸ்டிரக்சுரல் இன்ஜினீயரை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பத்திர விஷயத்தில் தாய்ப் பத்திரம், அனுமதி பெற்ற வரைபடம் இரண்டையும் ஒரிஜினலாகப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் போதாது. வில்லங்கச் சான்றைக் கட்டடம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளிலிருந்தே எடுங்கள். செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 7.92 லட்சம் தனி. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீதம், அதாவது 88,000 ரூபாய், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் டி.டி.எஸ். (அவர் கணக்கிலான வருமான வரி) ஆகப் பிடித்து நீங்கள்தான் அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த விகிதம் இன்னும் அதிகம், ஆடிட்டரைப் பாருங்கள். பாதிப் பணம் ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

330-க்கு எழுத்தில் விளக்கம் வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் கணவரோடு அந்த இரண்டு மாடியையும் ஒரே நாளில் மூன்று முறை ஏறி இறங்குங்கள், ஒருமுறை கையில் காய்கறிப் பையோடு.

கேள்வி: அபிராமபுரத்தில் பழைய ஃபிளாட் வாங்குகிறேன். கார் பார்க்கிங்குக்குத் தனியாக 4 லட்சம் கேட்கிறார். நியாயமா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: அவருடைய கிரயப் பத்திரத்தில் பார்க்கிங் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வீட்டோடு சேர்ந்தது, மொத்த விலைக்குள் பேசுங்கள். இல்லாவிட்டால் அவர் விற்பது பொது இடத்தை. ஸ்டில்ட்டையும் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம்) திறந்த இடத்தையும் பில்டரே தனிச் சொத்தாக விற்க முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கத்திடமிருந்து ஒதுக்கீட்டுக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.