ஓலே ஹான்சன் எந்த ஊர்க்காரர்?

கேள்வி: மினசோட்டாவில் வசிக்கிறேன். கணவர் வீட்டார் நார்வே வழி வந்தவர்கள். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1870-களில் கப்பலேறி வந்து இங்கே நிலம் எடுத்துக் குடியேறியவராம். பெயர் ஓலே ஹான்சன். ஆனால் கல்லறைக் கல்லில் ‘ஓலே பாக்கன்’ என்று இருக்கிறது. மாமியார், ‘ஆஸ்லோக்காரர்’ என்கிறார். இணையத்தில் தேடினால் ஓலே ஹான்சன்கள் வந்து கொட்டுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டலாமா?

பதில்: பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். மரபணுச் சோதனை தூரத்துச் சொந்தக்காரர்களைக் காட்டும். ஓலே எந்த ஊரில் பிறந்தார் என்று சொல்லாது. உங்களுக்கு வேண்டியது அந்த ஊர்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி) பெயரும், குடும்பம் இருந்த பண்ணையின் பெயரும். அவை இரண்டும் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதங்களில்தான் கிடைக்கும். நார்வே ஆவணங்களை இப்போதே திறந்தால் நூறு ஓலேக்களில் ஒருவரை விருப்பப்படி பிடித்துக்கொண்டு வருவீர்கள். இணையத்தில் உள்ள வம்ச மரங்களில் பாதி அப்படி முளைத்தவைதான்.

முதலில் பெயர்க் குழப்பம். நமக்கு இது எளிதாகவே புரியும், இனிஷியல் மாதிரிதான். ஹான்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சன். அந்த ஓலேவின் மகன் ஹான்சன் ஆக மாட்டார், ஓல்சன் ஆவார். மகள் ஓல்ஸ்டாட்டர், கல்யாணம் ஆனாலும் அவள் பெயர் மாறாது. இதோடு, குடியிருக்கும் பண்ணையின் பெயரையும் ஒட்டிக்கொள்வார்கள். பாக்கன் அப்படி ஒரு பண்ணைப் பெயர். வேறு பண்ணைக்குக் குடிபோனால் அந்த ஒட்டும் மாறிவிடும். ஆகவே அது குலப்பெயர் அல்ல, விலாசம். எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று நார்வே சட்டம் போட்டதே 1923-இல்தான். அமெரிக்கா வந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஹான்சன் என்றும் இன்னொருவர் பாக்கன் என்றும் பதிந்துகொண்டது சர்வ சாதாரணம். உங்கள் கல்லறைக் கல் குழப்பம் இல்லை, துப்பு. ஒரே சிக்கல், பாக்கன் என்ற பெயரில் நார்வே முழுக்கப் பண்ணைகள் இருக்கின்றன.

‘ஆஸ்லோக்காரர்’ என்பதை அப்படியே நம்பாதீர்கள். அன்றைக்கு அந்த நகரின் பெயர் கிறிஸ்டியானியா. ஆஸ்லோ ஆனது 1925-இல். பல குடும்பங்களில் கப்பலேறிய துறைமுகமே பிறந்த ஊர் என்று கதையில் நின்றுவிடும்.

சரி, அமெரிக்காவில் எங்கே தேடுவது? என் முதல் ஓட்டு லூத்தரன் சபைப் பதிவேட்டுக்கு. இந்தக் குடியேறிகள் வீடு கட்டிய சூட்டோடு சபையும் கூட்டினார்கள். பாதிரியார்கள் 20-ஆம் நூற்றாண்டு தொடங்கிய பிறகும் பல காலம் நார்வீஜிய மொழியிலேயே எழுதினார்கள். அரசாங்கக் கணக்கெடுப்பில் ‘பிறந்த இடம்: நார்வே’ என்று ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். சபைப் பதிவேட்டிலோ பலருக்குப் பங்கின் பெயர் வரை இருக்கும். ஓலேவின் பெயரை மட்டும் பார்க்காமல் அவர் மனைவி, குழந்தைகள், ஞானப்பெற்றோர் என்று எல்லோரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஞானப்பெற்றோராக நின்றவர்கள் பெரும்பாலும் ஊரில் தெரிந்தவர்கள் அல்லது சொந்தக்காரர்கள்.

அடுத்தது நிலக் கோப்பு. குடியேறிப் பயிர் செய்பவருக்கு அரசு நிலம் தந்த 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் எடுத்தவர் 5 ஆண்டு அங்கே குடியிருந்து பயிர் செய்ததை நிரூபிக்க வேண்டும். நிலப் பத்திரம் மத்திய நிலத்துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதில் சர்வே விவரத்தைத் தாண்டி ஒன்றும் இருக்காது. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள முழுக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உழுதார், குடியுரிமை எப்போது என்றெல்லாம் அதில் இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து நிலத்துக்காரர்களை விடாதீர்கள். ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிலம் எடுப்பதுதான் வழக்கம். ஓலேவின் ஊர் கிடைக்காவிட்டாலும் சாட்சியின் ஊர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. குடியுரிமைத் தாளில் ‘சுவீடன், நார்வே அரசர்’ என்று பார்த்துவிட்டு ஓலே சுவீடன்காரரோ என்று பதற வேண்டாம். 1905 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர்.

வீட்டிலும் தேடுங்கள். பழைய பைபிள், திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளைகள் சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) சான்றிதழ், பரணில் கிடக்கும் மரப்பெட்டி. பெட்டி மூடியில் பூவேலைப்பாட்டோடு பெயரும் ஆண்டும் தீட்டியிருக்கலாம். அந்த ஆண்டைப் பயண ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டியின் கல்யாணப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

பங்கின் பெயர் கிடைத்ததும் நார்வேயின் டிஜிட்டல் ஆர்கிவெட் தளத்துக்குப் போங்கள். அரசாங்கத் தளம், காசு கிடையாது. 1801, 1865, 1875, 1900 என்று கணக்கெடுப்புகளும், ஸ்கேன் செய்த சபைப் பதிவேடுகளும் அங்கேயே இருக்கின்றன. ஓலே 1876-க்கு முன் கிளம்பினாரா பின்னா என்று தெரியாததால் 1865, 1875 இரண்டையும் பாருங்கள். ஆள் கணக்கோடு அந்த வீட்டில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு உருளைக்கிழங்கு நட்டார்கள் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தலைவருக்கு நேரே ‘ஹுஸ்மன்’ என்று இருந்தால், பெரிய பண்ணையில் ஒரு குடிசையும் துண்டு நிலமும் பெற்று அதற்கு ஈடாக உழைத்தவர். சொந்த நிலம் இல்லாத இவர்களுக்கு 160 ஏக்கர் என்பது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1865 கணக்கில் வயதை ஓடுகிற வயதாக எழுதினார்கள். 20 என்று இருந்தால் 19 முடிந்தவர். பிறந்த ஆண்டைக் கணக்குப் போடும்போது இது காலை வாரிவிடும்.

பிறகு சபைப் பதிவேடு. கோத்திக் என்ற பழைய பாணிக் கையெழுத்து முதலில் மிரட்டும். நாலு பக்கம் பார்த்தால் ஓலே, ஹான்ஸ், கரி எல்லாம் கண்ணுக்குப் பழகிவிடும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் தவிர, பங்கை விட்டு வெளியேறியவர்களுக்கென்று தனிப் பட்டியலும் உண்டு. பலர் தவறவிடுவது அதைத்தான். கூடவே, கிறிஸ்டியானியா, ட்ரொண்ட்ஹைம் துறைமுகங்களில் 1867 முதல் போலீஸ் வைத்த குடிபெயர்வோர் பதிவேட்டில் பெயர், வயது, ஊர், போகுமிடம் எல்லாம் உண்டு. பண்ணை வாரியாகக் குடும்பங்களைத் தொகுத்த உள்ளூர் வரலாற்று நூல்களுக்கு பிக்டெபூக் என்று பெயர். உங்கள் பங்குக்கு ஒன்று இருந்தால் யோகம்தான். விஸ்கான்சினில், மேடிசன் நகரில் உள்ள நார்வீஜியன் அமெரிக்கன் ஜீனியாலஜிக்கல் சென்டரில் இவை நிறைய இருக்கின்றன. தேடித் தரவும் செய்வார்கள், அதற்குக் கட்டணம் உண்டு.

ஒரு ஓலே பொருந்திவிட்டார் என்று தோன்றும்போது அவரை மறுத்துப் பாருங்கள். அதே பங்கின் அடக்கப் பதிவேட்டில் அவர் சிறு வயதிலேயே இறந்ததாக இருக்கிறதா? இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்ததற்கு வைக்கும் வழக்கம் உண்டு, அதனால் ஒரே பெற்றோருக்கு இரண்டு ஓலேக்கள் இருக்கலாம். 1900 கணக்கில் அவர் நார்வேயிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறாரா? அப்புறம், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது பொதுவான வரிசை. உங்கள் ஓலேவின் முதல் இரண்டு மகன்களில் ஒரு ஹான்ஸ் கூட இல்லையென்றால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

‘ஹான்சன் குலச் சின்னம்’ என்று படச்சட்டத்தில் மாட்டி விற்பவர்கள் கண்ணில் படுவார்கள். வாங்காதீர்கள். ஹான்ஸ் என்று அப்பா இருந்த ஒவ்வொருவரும் ஹான்சன்தான். அவர்களுக்கு எல்லாம் பொதுவாக எந்தச் சின்னமும் கிடையாது. சபைப் பதிவேட்டில் பங்கின் பெயர் கிடைத்ததும், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். கையெழுத்து புரியவில்லை என்றாலும் பரவாயில்லை.