யெட்டி எனும் பனிமனிதன் இருப்பதற்கு உண்மையான ஆதாரம் ஏதாவது உண்டா?

இதுவரை இல்லை. ஆனால் ஆதாரம் என்று காட்டப்பட்ட பொருட்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தால், யெட்டியைவிட அவற்றின் கதைதான் நம்மை இழுக்கிறது.

பெரும்பாலோர் பார்த்திருப்பது, 1951-இல் பிரிட்டிஷ் மலையேறி எரிக் ஷிப்டன் இமயமலையின் மென்லுங் பனியாற்றில் எடுத்த கால்தடப் படத்தை. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் பனிக்கோடரியை வைத்திருப்பார்கள். தடத்தின் நீளம் சுமார் 33 செ.மீ. ஆனால் பனியில் பதிந்த தடத்தை அப்படியே நம்ப முடியாது. வெயில் ஏறினால் ஓரம் உருகி அகன்றுவிடும். கரடி நடக்கும்போது முன்கால் பதிந்த இடத்தை ஒட்டியே பின்காலை வைக்கும், இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட பாதம்போலத் தெரியும். 2019-இல் இந்திய ராணுவம் நேபாளத்தின் மகாலு மலை முகாம் அருகே பார்த்ததாக ட்விட்டரில் வெளியிட்ட தடத்தின் அளவு 32க்கு 15 அங்குலம். அவ்வளவு பெரிய பாதம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் கூடுகிறது.

அடுத்தது நேபாளத்தின் கும்ஜுங் மடத்தில் இருக்கும் யெட்டி 'தலைத்தோல்'. கூம்பு வடிவம், செம்பழுப்பு முரட்டு மயிர். ஊர்க்காரர்கள் அதைப் புனிதப் பொருளாகக் காத்து வந்தார்கள். 1960-இல் எட்மண்ட் ஹிலாரி அதை ஊராரிடம் முறையாகக் கேட்டு வாங்கினார். குன்ஜோ சும்பி என்ற ஊர்ப் பெரியவரும் அதனுடன் சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று போனார். செரோ என்ற மலையாட்டின் தோலை அச்சில் வைத்து உருவாக்கியது அது என்று தெரிந்தது. அப்புறம் பத்திரமாகத் திரும்பி வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. இதை வைத்து அந்த ஊர் மக்களான ஷெர்பாக்கள் ஏமாற்றினார்கள் என்று எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ஆய்வகத்துக்கு அனுப்பவா அவர்கள் அதை வைத்திருந்தார்கள்? வழிபாட்டுப் பொருளை ஆதாரமாக மாற்றியது வெளியிலிருந்து போனவர்கள்தான்.

நேபாளத்தின் பாங்போச்சே மடத்தில் யெட்டியின் கை என்று வைத்திருந்த பொருளுக்கு நடந்தது அதைவிட மோசம். 1959-இல் யெட்டியைத் தேடிப் போன பீட்டர் பைர்ன் அதிலிருந்து ஒரு விரலைக் கழற்றிக்கொண்டு, அந்த இடத்தில் வேறொரு மனித விரலை வைத்துவிட்டு வந்தார். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் பெட்டியில் அது லண்டன் போய்ச் சேர்ந்தது. 2011-இல் மரபணுவைச் சோதித்தபோது, மனித விரல் என்று முடிவு வந்தது. மிச்சமிருந்த கையும் 1990-களில் மடத்திலிருந்து திருடு போய்விட்டது. யாருடைய ஆர்வத்துக்காகவோ அந்த மடம் தன் பொருளை இழந்ததுதான் மிச்சம்.

மரபணு ஆய்வுகளில் முக்கியமானது 2017-இல் உயிரியலாளர் ஷார்லட் லிண்ட்க்விஸ்ட்டின் குழு செய்தது. யெட்டியுடையவை என்று சொல்லப்பட்ட எலும்பு, பல், தோல், மயிர், சாணம் என ஒன்பது மாதிரிகளைப் பார்த்தார்கள். எட்டு கரடியுடையவை, ஒன்று நாயுடையது. ஒரு குரங்கினம்கூட இல்லை.

சரி, இவ்வளவு தேடியும் எதுவும் கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. அந்த ஆய்விலிருந்துதான் இமயமலைப் பழுப்புக் கரடி, மற்ற பழுப்புக் கரடிகளிடமிருந்து சுமார் 6.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தனிக்கிளை என்று தெரியவந்தது. அந்தக் கரடி இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. இமயமலையில் எதையாவது தேடிப் போவதென்றால் அதைத் தேடிப் போகலாம் என்பேன்.