டிராவலர் ஆட்டத்தில் உளவாளிக்கு என்ன வேலை?

ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டம் டிராவலர். விண்கலமும் வியாபாரமுமாகப் போகும் அதில் உளவாளிப் பாத்திரம் எடுத்தால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் இல்லை. 1977இல் வந்த இந்த ஆட்டம் உளவாளிக்கென்றே செய்தது போல இருக்கும்.

காரணம், அந்த உலகில் ஒளியை முந்தும் வானொலி கிடையாது. சேதியைக் கப்பல்தான் சுமந்து போக வேண்டும். கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் ஒரு தாவலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அடுத்த நட்சத்திரத்தில் இருக்கும் மேலிடத்தைக் கேட்டுப் பதில் வருவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். அதுவரை எல்லா முடிவும் உங்கள் தலையில்தான்.

மங்கூஸ் நிறுவனத்தின் 2008 பதிப்பில் ஏஜென்ட் என்பது தனித் தொழில். காவல், உளவு, கம்பெனி வேலை என மூன்று பிரிவு. பாத்திரத்தை உருவாக்கும்போதே நான்கு நான்கு வருடமாகப் பகடை உருட்டி அவருடைய கடந்த காலத்தை ஓட்டுவீர்கள். அதில் சிலசமயம் ஒரு எதிரி வந்து ஒட்டிக்கொள்வார். அவருக்கு அப்போதே பெயர் வையுங்கள். பின்னால் கதையே அவரால்தான் நகரும்.

ஆட்டத்தில் இது இப்படி இருக்கும்: துறைமுக அதிகாரி உங்கள் போலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இரண்டு பகடை, கூடவே ஏமாற்றும் திறன் 1. மொத்தம் 8 வேண்டும். விழுந்தது 6. திறனைக் கூட்டினாலும் 7தான், இனி ஓட வேண்டும்.

அப்புறம் ஒன்று: உங்கள் ரகசியம் ஆட்டத்தை நடத்தும் நடுவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.