இறக்கிய டபுள் கெப்பின் பின்சீட்டுக் குலுக்கல்: வில்லில் கைவைக்க முன் சுண்ணாம்பு பூசிப் பாருங்கள்

கேள்வி இதுதான். நிலத்தோடு பதிந்து நிற்க உயரத்தில் மூன்று அங்குலம் இறக்கப்பட்ட பழைய டபுள் கெப் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் பின்சீட்டில் இருப்பவர்களைப் பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போடுகிறது. கராஜில் "வில்லில் இரண்டு தகட்டைக் கழற்றினால் மெத்தென்று போகும்" என்கிறார்களாம். வில் என்றால் பின் அச்சில் வாகனத்தைத் தாங்கும், இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழற்ற வேண்டாம். நான் கழற்றிப் பார்த்தவன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது பழைய ஹைலக்ஸ், பின்சில்லு மட்டும் இழுக்கும் வகை. முன்னைய சொந்தக்காரர் இறக்கி வைத்திருந்தார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு விலைகள் போன போக்கில் வேறொன்றை நினைத்தும் பார்க்க முடியவில்லை, இருப்பதைத் திருத்தி ஓடுவம் என்று முடிவெடுத்தேன். அம்மாவுக்கு நாரி நோ. இணுவிலில் இருந்து வடமராட்சியில், நெல்லியடியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய் இறங்கினால், அரைமணித்தியாலம் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஒரு கராஜில் சொன்னதைக் கேட்டு, ஒரு பக்கத்துக்கு இரண்டு தகடு கழற்றினேன்.

முதல் இரண்டு நாள் நல்லாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பின்சீட்டில் மூன்று பேர், பெட்டியில் நாலு மூட்டை சின்ன வெங்காயம். வல்லை வெளியில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் அடியில் சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். கொஞ்சத் தூரம் போக வாகனம் ஒரு பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது பின்சில்லு பின்னுக்குத் தள்ளி மட்காட்டை உரசிக்கொண்டு நின்றது. தகடுகளைக் கழற்றியதால் வில்லின் தடிப்புக் குறைந்து, வில்லை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டுகளின் மரை முடியும் இடத்தில் நட்டு நின்றுவிட்டது. இறுகியது போலத் தெரிந்ததே தவிர வில்லைப் பிடிக்கவில்லை. அச்சு அசைந்து அசைந்து, தகடுகளைக் கோத்து நிற்கும் நடுப் போல்ட்டை அறுத்துவிட்டது. அம்மா அன்றைக்கு வாகனத்தில் இல்லை, அது பெரிய ஆறுதல்.

சரி, தகட்டைக் கழற்றினால் வில் மென்மையாகும் என்பது பொய்யில்லை. ஆனால் அதே வேளை வாகனம் இன்னும் பதியும். இறக்கிய வாகனத்தில் ஏற்கெனவே இல்லாமல் போன ஒன்றை, அதாவது அச்சு மேலே எழும்ப வேண்டிய இடத்தை, அது மேலும் தின்றுவிடும். உங்களுடைய குலுக்கலில் பெரும்பங்கு வில்லின் விறைப்பால் வருவதில்லை, அச்சு போய் முட்டுவதால் வருகிறது என்று நினைக்கிறேன்.

செசியின், அதாவது வாகனத்தின் இரும்புச் சட்டத்தின் அடியில், அச்சுக்கு நேர் மேலே, ஒரு றப்பர் கட்டை இருக்கும். அதை முட்டு றப்பர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தில் அச்சு மேலே வரும்போது இரும்பில் இரும்பு அடிக்காமல் இருக்க வைத்த கடைசிக் காவல் அது. வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே மூன்று அங்குலக் கட்டை வைத்து இறக்கும்போது, அச்சுக்கும் இந்த றப்பருக்கும் இடையில் இருந்த இடைவெளி அப்படியே மூன்று அங்குலம் குறைகிறது. பிறகு ஒவ்வொரு சின்னப் பள்ளத்திலும் கடைசிக் காவலே முதற்காவலாகி விடுகிறது. வில் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், அச்சு றப்பரில் போய் முட்டிய கணத்தில் வாகனம் கல்லு.

இதை உறுதிப்படுத்தக் காசு தேவையில்லை. அம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்து ஒரு விரல் சுண்ணாம்பு எடுத்தேன். முட்டு றப்பரின் நுனியில் பூசினேன். அச்சில் அது வந்து தொடும் இடத்தைச் சீலையால் துடைத்துக் காயவிட்டேன். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு இணுவில் புகையிரதக் கடவையை வழமையான வேகத்தில் இரண்டு தரம் கடந்தேன். வந்து குனிந்து பார்த்தால் அச்சில் வெள்ளையாகப் பொட்டு வைத்தது போல அடையாளம், இரண்டு பக்கமும். வலப்பக்கத்தில் அது பொட்டாகக்கூட இல்லை, நசிந்து பரவிய வட்டமாக இருந்தது. ஒரு கடவைக்கே இவ்வளவு என்றால், வடமராட்சிக்குப் போய் வர எத்தனை தரம் முட்டியிருக்கும்? அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஆளில்லாமல் நிற்கும்போது இடைவெளி 28 மில்லிமீற்றர். பின்னால் மூன்று பேர் ஏறியதும் 11. விரல் தடிப்புக்கூட இல்லை.

நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். சுண்ணாம்பு படவில்லை என்றால் நான் அடுத்து எழுதுவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. ரயரையும் சொக்கையும் (வில் துள்ளுவதை அடக்கும் சொக் அப்சோபர்) மட்டும் பாருங்கள்.

சுண்ணாம்பு பட்டால், இடத்தைத் திருப்பி எடுக்க வேண்டும். நான் மூன்று அங்குலக் கட்டையை எடுத்துவிட்டு ஒன்றரை அங்குலக் கட்டை போட்டேன். 38 மில்லிமீற்றர் திரும்பி வந்தது. விறைத்துப்போன பழைய முட்டு றப்பர் 60 மில்லிமீற்றர் உயரம். அதற்குப் பதிலாக, நுரை போல அமுங்கிப் படிப்படியாக இறுகும் வகையில் 35 மில்லிமீற்றர் உயரமான ஒன்றைப் பூட்டினேன். அதில் 25. மொத்தத்தில் 28 இருந்த இடத்தில் 91. அம்மாவின் நாரி நோவுக்கு நான் செய்த வேலைகளில் மருந்தானது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். வாகனம் இப்போதும் பதிந்துதான் நிற்கிறது. ஒழுங்கையில் பெடியள் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

முட்டு றப்பரை அடியோடு கழற்றி எறிபவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அச்சு செசியில் நேராக அடிக்கும், இல்லையென்றால் சொக் அப்சோபர் அந்த அடியை வாங்கி உடையும். குட்டையான றப்பர் போட முன்னர் வில்லைக் கழற்றிவிட்டு ஜக்கால் அச்சை முழுதாக மேலே உயர்த்திப் பாருங்கள். பிரேக் குழாய், ஷாஃப்ட் (பின் அச்சைச் சுழற்றும் நீளத் தண்டு), ரயர், மட்காட்டு எதுவும் எதிலும் படக்கூடாது. செசியை வளைவாக வெட்டி இடம் எடுக்கும் முறையும் உண்டு. பாரம் தாங்கும் இடத்தில் வெட்டுவதால், வெட்டிய இடத்துக்குத் தடித்த தகடு கொடுத்துச் சரியாக ஒட்டத் தெரிந்த கை வேண்டும். வெங்காயம் ஏற்றும் வாகனத்தில் எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

அடுத்தது சொக். இறக்கிய பிறகும் பழைய நீளமான சொக்கே பூட்டியிருந்தால், அது எப்போதும் பாதி மடங்கிய நிலையிலேயே வேலை செய்யும். பள்ளத்தில் அச்சு முட்டு றப்பரைத் தொட முன்னரே சொக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் போய் இடிக்கும். அந்த இடிப்பும் பின்சீட்டுக்குக் குலுக்கலாகத்தான் வரும், கொஞ்ச நாளில் எண்ணெயும் கசியும். ஒரு சொக்கைக் கழற்றி முழுதாக அமுக்கி நீளத்தை அளவுங்கள். பிறகு அச்சு முட்டு றப்பரைத் தொடும் நிலையில் மேல் பூட்டுக்கும் கீழ்ப் பூட்டுக்கும் இடைத்தூரத்தை அளவுங்கள். சொக்கின் நீளம் அந்தத் தூரத்தைவிட 15 மில்லிமீற்றராவது குறைவாக இருக்க வேண்டும், றப்பரும் கொஞ்சம் அமுங்கும் அல்லவா. இல்லையென்றால் குட்டையான சொக் தேடுங்கள். பாரவேலைக்கென்று விற்கும் கனத்த சொக்கை வாங்கிப் பூட்டினால் வெறும் வாகனம் இன்னும் மோசமாகத் துள்ளும்.

இனி வில்லுக்கு வருவோம். டபுள் கெப்பின் பின்வில் ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தை நினைத்துச் செய்தது. வெறும் பெட்டியோடு அது 6 சென்ரிமீற்றர்தான் அமுங்கி நிற்கிறது என்றால், பின்பக்கம் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு தரம் துள்ளும். பாரத்தோடு 15 சென்ரிமீற்றர் அமுங்கினால் 1.3 தரம், அது கார் போன்ற ஓட்டம். பாரம் ஏற்றிய கெப் சுகமாகப் போவது இதனால்தான். ஆனால் அந்தச் சுகத்துக்கு அமுங்க இடம் வேண்டும். இறக்கிய வாகனத்தின் பெட்டியில் மணல் மூட்டை போட்டு ஓடினால் திரும்பவும் முட்டத்தான் செய்யும். நிமிர்ந்து இருக்கும் உடம்பு மேல்கீழ் அதிர்வில் விநாடிக்கு 4 முதல் 8 தரம் வரையானதைத்தான் மிகக் கூடுதலாக உணர்கிறது. முட்டி முட்டி வரும் அடி நாரியைப் பிடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

தகட்டைக் கழற்றாமலே வில்லை மென்மையாக்கலாம். நம் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை என்பது எனக்குக் கவலை. பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் கடற்காற்றில் அடிக்கடி ஓடும் வாகனத்தின் தகடுகளைப் பாருங்கள். தகட்டுக்குத் தகடு கறள் பிடித்து ஒரே கட்டையாக இறுகியிருக்கும். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் வில் வேலை செய்யும். வழுக்காவிட்டால் சின்னக் குலுக்கல்களுக்கு வில் அசையவே அசையாது. நான் இரண்டு வில்லையும் பிரித்துக் கம்பித் தூரிகையால் கறளைத் தேய்த்தேன். ஒவ்வொரு தகட்டின் நுனியும் மேல்தகட்டில் நகம் சிக்கும் அளவுக்குக் குழி தோண்டி வைத்திருந்தது. அந்த விளிம்புகளை அரத்தால் தேய்த்து மழுக்கி, கிராஃபைட் கலந்த கிரீஸ் பூசி, நுனிகளுக்கு நைலோன் துண்டு வைத்துப் பூட்டினேன். கழற்றிய தகடுகளையும் திரும்பப் போட்டேன். ஒரு நாள் வேலை, செலவு மிகக் குறைவு.

பூட்டும்போது இரண்டு விடயம். யூ போல்ட்டைப் புதிதாக வாங்குங்கள், ஒருமுறை இழுத்து இறுக்கியதைத் திரும்பப் பாவிக்கக்கூடாது. சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப இறுக்குங்கள். மற்றது, வில்லின் இரண்டு முனையிலும் இருக்கும் றப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வாகனம் சில்லில் நிலத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜக்கில் தொங்கவிட்டு இறுக்கினால், நிலத்தில் இறக்கியதும் றப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். அந்த முறுக்கே ஒரு கூடுதல் வில்லாகி விறைப்பைக் கூட்டும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். இதைச் சரியாகச் செய்யும் கராஜை நான் மிகக் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்டுச் செய்வியுங்கள்.

ரயரில் எனக்கு 45 பீஎஸ்ஐ காற்று இருந்தது, பாரத்துக்கென்று யாரோ அடித்து வைத்தது. ஆட்களோடு மட்டும் ஓடும்போது 30க்குக் கொண்டு வந்தேன். உங்களுடையதற்குக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள், பாரம் ஏற்றும் நாளில் கூட்டுங்கள். காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளவுங்கள். றிம்மும் முக்கியம். 215/45, 17 அங்குல ரயரில் பக்கச் சுவர் 10 சென்ரிமீற்றருக்கும் குறைவு. நான் மாற்றிய 205/70, 15 அங்குல ரயரில் 14 சென்ரிமீற்றருக்கு மேல். கல்லுப் பாதையில் அந்தக் காற்று மெத்தை நன்றாகவே உதவும். ரயரின் மொத்த உயரமும் கூடும், ஆகவே மட்காட்டில் உரசுதா என்றும், பாரம் தாங்கும் எண் போதுமா என்றும் பார்த்து வாங்குங்கள்.

குலுக்கலோடு தொடர்பில்லாத ஒன்று, ஆனால் தயவுசெய்து பாருங்கள். பல கெப்களில் பின் அச்சில் இருந்து ஒரு கம்பி செசியில் இருக்கும் பிரேக் வால்வுக்குப் போகும். பெட்டியில் பாரம் ஏறி வாகனம் பதிந்தால், பின்சில்லுக்குக் கூடுதல் பிரேக் கொடுப்பது அதன் வேலை. வாகனத்தை இறக்கிவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், எந்நேரமும் பாரம் இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். மாரி மழையில் வெறும் வாகனத்தோடு சடுதியாகப் பிரேக் பிடித்தால் பின்சில்லுகள் முதலில் இறுகி வாகனம் சுழலும். கம்பியின் நீளத்தைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். அறுபது எழுபது கிலோமீற்றர் வேகத்தில் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் வந்தால், அது பாதையால் வராமல் இருக்கலாம். அச்சின் சாய்வு மாறி ஷாஃப்ட் அதிர்வதாக இருந்தால், வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்புப் போன்ற சாய்வுத் துண்டு வைத்துத் திருத்தலாம்.

பஜெரோ, பிராடோ போல பின்னால் சுருள்வில் உள்ளவை என்றாலும் முதல் சோதனை அதே சுண்ணாம்புதான். சுருளை வெட்டி இறக்கியிருந்தால் வில் குட்டையாவதோடு விறைப்பும் கூடும். சூடாக்கிப் பதித்திருந்தால் இரும்பின் பதமே போயிருக்கும். இரண்டுக்கும் புதுவில் வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அடிக்கடி பாரம் ஏற்றுபவர்கள் வில்லுக்கு உதவியாகக் காற்றுப் பை வைக்கலாம், வெறும் வாகனத்தில் காற்றைக் குறைத்து, பாரத்தோடு கூட்டி ஓடுவது. எனக்கு அது தேவைப்படவில்லை.

போன கிழமையும் நெல்லியடிக்குப் போய் வந்தோம். திரும்பும்போது புத்தூர்ப் பக்கம் வர அம்மா பின்சீட்டில் நித்திரையாகி விட்டார். வீட்டு வாசலில் நிறுத்தித்தான் எழுப்பினேன்.

உங்கள் வாகனத்தில் வில் அச்சுக்கு மேலேயா கீழேயா, இடையில் இருக்கும் கட்டை எத்தனை அங்குலம், சுண்ணாம்பு எங்கே பட்டது என்று கீழே எழுதுங்கள். சொக்கின் அளவையும் போட்டால், எந்த நீளத்தில் தேடுவது என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.