நிக்கல் அலர்ஜி இருப்பவர் பல்லுக்கு மெட்டல் கேப் போடலாமா?

மலிவான கம்மல் போட்டாலே காது அரித்துப் புண்ணாகிவிடுகிறது, வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்கு உள்ளே மெட்டலும் மேலே பீங்கானும் உள்ள கேப் போடலாம் என்கிறார் டாக்டர், அந்த மெட்டல் வருஷக்கணக்கில் வாயில் கிடந்தால் ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அளவை வைத்துக் கேப், பிரிட்ஜ் எல்லாம் செய்து கொடுக்கும் லேபில் வேலை பார்ப்பவன். அதனால் உள்ளே என்ன உலோகம் போகிறது என்பது எனக்குத் தெரியும்.

உங்களுக்கு என் நேரடிப் பதில்: நிக்கல் கலந்த கேப் வேண்டாம். மற்ற உலோகங்களைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஏன் என்றால், பீங்கானுக்கு உள்ளே வைக்கும் உலோகத்தில் மிகவும் மலிவானதும் பல லேப்களில் வழக்கமானதும் நிக்கல்-குரோமியம் கலவைதான். அதில் 60 முதல் 80 சதவீதம் வரை நிக்கலே இருக்கும். இதை நாங்கள் விரும்புவதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. மெல்லிசாக வார்த்தாலும் வளையாது, பீங்கானும் நன்றாகப் பிடிக்கும். அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது, அந்தப் படலம்தான் நிக்கலை உள்ளேயே அடக்கி வைக்கிறது. குரோமியம் குறைந்தால் படலம் பலவீனமாகும். கேப்பின் விளிம்பில் அழுக்கு தங்கி அமிலம் சேர்ந்தாலும், வார்ப்பு சரியில்லாமல் போனாலும், அந்த இடத்தில் நிக்கல் அயனிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

இங்கே லேப் ஆட்கள் வெளியே அதிகம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வார்த்து முடித்ததும் மிஞ்சும் உலோகக் கட்டியை அடுத்த வார்ப்பில் புது உலோகத்தோடு சேர்த்து உருக்குகிற பழக்கம் உண்டு. ஓரளவு வரைக்கும் பரவாயில்லை, ஆனால் திரும்பத் திரும்ப உருக்க உருக்கக் கலவையின் தன்மை மாறும், கசிவும் கூடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் சதவீதம் முதல் உருக்கலுக்குத்தான் பொருந்தும்.

சரி, கசிந்தால் எல்லோருக்கும் பிரச்சினையா? இல்லை. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலேயே தினமும் நிக்கல் உள்ளே போகிறது. வாயில் எச்சில் எப்போதும் கழுவிக்கொண்டே இருப்பதால், தோல் காட்டும் எதிர்ப்பை வாயின் உட்சவ்வு அவ்வளவு சுலபத்தில் காட்டாது. நிக்கல் அலர்ஜி இருந்தும் நிக்கல் கேப்பையோ பல் கிளிப்பையோ தொந்தரவே இல்லாமல் போட்டிருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் அலர்ஜி உள்ள எல்லோருக்கும் வாய் வெந்துவிடும் என்று பயமுறுத்துவது தப்பு. ஆனால் சிலருக்கு ஈறு சிவந்து வீங்குவதும், உலோகத்தைத் தொடும் கன்னத்தில் வெள்ளைக் கோடுகள் படர்வதும், அபூர்வமாக வாயில் ஒன்றுமே தெரியாமல் கையிலோ முகத்திலோ தடிப்பு வருவதும் உண்டு. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. வேறு வழி இருக்கும்போது ஒட்டிவைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

உங்கள் காது அரிப்புக்கு நிஜமாகவே கம்மலில் உள்ள நிக்கல்தான் காரணமா என்று உறுதிசெய்ய, தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் எடுங்கள். சந்தேகப்படும் பொருளைக் கொஞ்சம் வைத்த பட்டைகளை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பார்கள், ஏனென்றால் இது உடனே வராமல் தாமதமாக வரும் வகை ஒவ்வாமை. கேப்பில் சேர்க்கும் வேறு உலோகங்களான கோபால்ட், பல்லேடியம் இரண்டையும் அப்போதே சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குப் பல்லேடியமும் பாசிட்டிவ் காட்டும். தங்கக் கேப் என்றால் முழுக்கத் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உயர்ரக விலையுயர்ந்த உலோகக் கலவை என்று சொல்லக் குறைந்தது 40 சதவீதம் தங்கமும், தங்கம், பிளாட்டினம், பல்லேடியம் போன்றவை எல்லாம் சேர்ந்து 60 சதவீதமும் இருந்தால் போதும். அதற்கும் கீழே உள்ள ரகங்களில் பல்லேடியமே பெரும்பங்காக இருக்கலாம்.

அடுத்தது கோபால்ட்-குரோமியம். நிக்கல் சேர்க்காமல் செய்வது, பேட்ச் டெஸ்டில் கோபால்ட் நெகட்டிவ் என்றால் இது நல்ல தேர்வுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 அக்டோபர் முதல் கோபால்ட்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் வகையில் வைத்திருக்கிறார்களே என்று யாராவது பயமுறுத்தலாம். வாயில் ஒட்டிய கேப்பைவிட, அதைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசியை மூச்சில் இழுக்கிற எங்களுக்குத்தான் அதில் கவலை அதிகம்.

பெரிலியம் என்ற இன்னொரு உலோகத்தின் கதையும் அதேதான். வார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சில நிக்கல் கலவைகளில் 2 சதவீதம் வரை பெரிலியம் சேர்த்தார்கள். நோயாளியைவிட அதைத் தேய்த்த லேப் ஊழியர்களின் நுரையீரலுக்குத்தான் அது ஆபத்து. பல் உலோகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22674 படி இப்போது 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, நிக்கல் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் சொல்லியாக வேண்டும். அப்படியும் கலவைப் பெயரே இல்லாத பாக்கெட்டுகள் கிடைக்கத்தான் செய்கின்றன. அதனால் டாக்டரிடம், "எந்தக் கலவை, அதன் பெயர் என்ன, லேபிலிருந்து எழுதி வாங்கித் தர முடியுமா" என்று கேளுங்கள். ஒழுங்கான லேப் இதற்குத் தயங்காது.

கடைவாய்ப் பல்தானே, என்னைக் கேட்டால் உலோகமே இல்லாத ஸிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் கேப் போடுங்கள். விலை கூடும், ஆனால் கடிக்கும் பலத்தைத் தாங்கும், இந்தக் கவலையும் கிடையாது. எதிர்ப் பல்லைத் தேய்க்காமல் இருக்க அதன் கடிக்கும் பரப்பை நன்றாகப் பாலிஷ் செய்திருக்க வேண்டும், அதை மட்டும் டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

இதைக் கேட்டால் அடுத்து அமால்கம், அதாவது பல் சொத்தையை அடைக்கும் வெள்ளி நிற உலோகக் கலவை, பற்றியும் கேள்வி வரும், அதனால் ஒரு வார்த்தை. அதில் ஏறக்குறைய பாதி பாதரசம், ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் பெரும்பாலும் தடை செய்துவிட்டது, சுற்றுச்சூழல் அதற்கு ஒரு பெரிய காரணம். ஆனால் நல்ல நிலையில் உள்ள பழைய அமால்கத்தைப் பயந்துபோய்த் தோண்டி எடுக்காதீர்கள், தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளியேறும்.

ஏற்கெனவே மெட்டல் கேப் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஈறு ஓரத்தில் தெரியும் சாம்பல் நிறக் கோடு பெரும்பாலும் அலர்ஜி இல்லை, உள்ளிருக்கும் உலோகத்தின் நிழல். கேப்பைச் சுற்றி ஈறு சிவந்திருந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது விளிம்பு சரியாகப் பொருந்தாததையும் அங்கே சேரும் அழுக்கையும்தான். அதைச் சரிசெய்த பிறகும் ஆறவில்லை, பேட்ச் டெஸ்டும் பாசிட்டிவ் என்றால் அப்போது கேப்பைக் கழற்றுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.