புத்தகம் செய்ய ஆசைப்படும் மகளை இன்ஜினீயரிங்கில் தள்ளாதீர்கள்

பள்ளிப் படிப்பை முடித்த மகள் புத்தக வடிவமைப்புதான் வேண்டும் என்கிறாள். பெரியப்பாவும் மாமாவும் "இந்தக் காலத்தில் யார் புத்தகம் படிக்கிறார்கள், கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்கில் சேர்த்துவிடு" என்கிறார்கள். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் பயம் நியாயமானது, முடிவு வேறாக இருக்க வேண்டும். யோசனை சொல்பவர்கள் ஃபீஸ் கட்டப் போவதில்லை. நோட்டின் ஓரமெல்லாம் எழுத்து வரைகிற பெண்ணை, மனசில்லாத படிப்பில் நான்கு வருடம் உட்கார வைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

புத்தக வடிவமைப்பு என்றதும் எல்லோரும் அட்டையைத்தான் நினைக்கிறார்கள். அங்கே கூட்டம் அதிகம். படம் உருவாக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. அவள் உள்பக்கங்களைப் பார்க்கட்டும்.

ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். 16 பக்க ஃபாரமாக அச்சாகும் புத்தகம் 210 பக்கம் வந்தால் 14 ஃபாரம் போகும், கடைசியில் 14 பக்கம் வெற்றாக நிற்கும். படிப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி வரி இடைவெளியைச் சற்றுக் குறைத்து 208-க்குள் அடக்கினால் 13 ஃபாரம் போதும். அச்சுச் செலவைக் குறைக்கும் இந்தத் திறமைக்குப் பதிப்பாளர் பணம் கொடுப்பார். பக்க எண்ணிக்கை மாறினால் புத்தக முதுகின் அகலமும் மாறும், அட்டைக் கோப்பைத் திருத்த வேண்டும். தமிழில் இன்னும் நுணுக்கம் உண்டு. நீளமான சொற்களால், இருபுறமும் சீராக்கிய வரிகளில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், வரிகளை அமைக்கும் கம்போசர் என்ற வசதியில் சரியானதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய எழுத்துருக்களில் அடித்துவைத்த நூல்களைப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினால் வரிக்கு வரி பார்த்துத் திருத்த ஆள் வேண்டும்.

அப்புறம் மின்னூல். ஈபப் என்ற மின்னூல் வடிவத்தில் பெரும்பாலும் பக்கம் என்பதே நிலையாக இல்லை. படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் நகரும். அதனால் அங்கே வடிவமைப்பு என்பது இணையப் பக்கங்களை உருவாக்கும் எச்டிஎம்எல், அவற்றின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் ஆகிய கணினிக் குறிமொழிகளில் விதிகளை எழுதுவது. அதோடு, பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் கருவி புரிந்துகொள்ளும்படி தலைப்புகளை வரிசைப்படுத்த வேண்டும், படங்களுக்கு விளக்கம் எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களுக்கும் பொருந்துகிறது. அந்தச் சந்தையில் விற்க நினைக்கும் பெரிய பதிப்பகங்கள் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. கம்ப்யூட்டர் படிப்பு வேண்டும் என்ற உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள். எழுத்தின் அழகும் கணினியும் தெரிந்தவர்கள் குறைவு.

செலவு விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன். பெரிய டிசைன் கல்லூரிக்காகக் கடன் வாங்காதீர்கள், வீட்டை அடமானம் வைக்காதீர்கள். கட்டணம் குறைந்த ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும். மொழியோ கணினியோ, அவள் விருப்பம். தொடக்கத்தில் வருமானம் சீராக வராது, அதற்கு அந்தப் பட்டம் துணை. பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், ஈபப் செய்ய சிகில், இந்த மூன்று மென்பொருள்களும் இலவசம். பதிப்புரிமை முடிந்த ஒரு நூலை எடுத்து, அச்சுக்கான பிடிஎஃப்பும் ஈபப்பும் அவளே செய்யட்டும். ஆறு மாதத்தில் முடித்துவிட்டால் இந்த வழியிலேயே போகட்டும். பாதியில் அலுத்துப்போனால் அடுத்து என்ன என்று அவளிடமே கேளுங்கள், மாமாவிடம் கேட்காதீர்கள்.

முதல் வேலை வரும்போது எத்தனை முறை திருத்தம் செய்து தருவாள் என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர் புத்தகமாக இருந்தாலும் சரி, முன்பணம் வாங்காமல் தொடங்க வேண்டாம்.